மாணவனைக் குறை சொல்லுமுன் கித்தாரைப் பாருங்கள்



ஜொகூரில் நம்மவர் வீடுகள் பலவற்றில் அலமாரியின் உச்சியிலோ படிக்கட்டின் அடியிலோ ஒரு பழைய கித்தார் கிடப்பதைக் காணலாம். தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் தாத்தாவோ பெரியப்பாவோ மாமாவோ வாங்கியதாக இருக்கும். இரண்டு தந்திகள் அறுந்திருக்கும். எஞ்சிய நான்கும் துருவேறியிருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது, அம்மிக்கல்லும் சாமிப்படமும் ஏறிய அதே லாரியில் இதுவும் ஏறி வந்திருக்கும். அதன் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மலேசியாவில் இவ்வகைக் கித்தாருக்குக் 'காப்போக்' என்று பெயர். அது உண்மையில் ஒரு வணிகப் பெயர். தென்சீனத்தின் குவாங்சோ நகரிலிருந்து வந்த மலிவு விலைக் கித்தார்களின் தலைப்பாகத்தில் அப்பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. செந்நிற இலவம்பூ அந்நகரின் அடையாள மலர். அதையொட்டியே கித்தாருக்கும் அப்பெயர் வந்தது. (இலவ மரத்தில் செய்ததால் காப்போக் என்று விளக்கம் சொல்வாரும் உளர். பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் அம்மரத்தில் கித்தார் செய்தால் ஆறு தந்திகளின் இழுப்பை அது எப்படித் தாங்கும்?) உடனடி மீயை எல்லாம் 'மேகி' என்று அழைப்பதுபோல, எந்த நிறுவனம் செய்ததாயினும் மின்னிணைப்பு இல்லாத கித்தாரெல்லாம் மலாய் பேச்சுவழக்கில் காப்போக் ஆகிவிட்டது. நாமும் அப்படியே சொல்கிறோம்.

இந்தப் பழைய கித்தார்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. "பழைய குப்பை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு" என்பது ஒன்று. "பழைய மரம், முற்றிய மரம், இதன் நாதமே தனி" என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்பதில்லை. குழந்தையின் கைக்குப் போகும் கித்தாரைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி பழையதா புதியதா என்பதன்று, இனிமையானதா இல்லையா என்பதுமன்று. அதைக் குழந்தையால் அழுத்த முடிகிறதா? அழுத்திய இடத்தில் சரியான சுருதி வருகிறதா? இவற்றை யாரும் சோதிப்பதில்லை. சோதிக்காமலேயே, "இந்தப் பிள்ளைக்கு இசை ஞானம் இல்லை" என்று தீர்ப்பு மட்டும் எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு வளரும் பிள்ளைகளை நினைத்தே இதனை எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. வீட்டில் தாத்தாவின் காப்போக் இருந்தது. தனியார் வகுப்பு ஒன்றில் சேர்த்தார்கள். நான்கு மாதங்களில் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். விரல் நுனிகளில் கொப்புளம். அதைவிடக் கொடுமை, "சுருதி சேர்க்கத் தெரிகிறது, ஆனால் வாசித்தால் அபசுரம், காது சரியில்லை" என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். அக்கித்தாரைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொன்னேன். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தி ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. வளர்ந்த ஆடவன் அழுத்துவதற்கே அது கடினம். பத்து வயதுச் சிறுமி நான்கு மாதம் அதனோடு போராடியிருக்கிறாள் என்றால், அவளுக்கு இசையார்வம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. கித்தாரின் உறுப்புகளுக்கு வீணையின் சொற்களையே பயன்படுத்துகிறேன், நமக்குப் பழகியவை ஆயிற்றே. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் மெட்டுகள். உடற்பகுதியில் தந்திகள் கட்டப்பட்டிருக்கும் மரக்கட்டை குதிரை. அக்குதிரையில் செருகியிருக்கும் மெல்லிய வெண்ணிறப் பட்டையின் மேல்தான் தந்திகள் அமர்கின்றன. தலைப்பக்கத்தில் ஆறு வெட்டுகளோடு இருக்கும் சிறு பட்டைக்கு 'நட்' என்று பெயர். முறுக்கிச் சுருதி கூட்டுபவை பிரடைகள்.

தந்தியை மெட்டுவரை அழுத்தும்போது அது சிறிதளவு நீள்கிறது. நீண்டால் இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் சுருதி ஏறும். தந்தி மெட்டுக்கு நெருக்கமாக இருந்தால் இந்த ஏற்றம் காதுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. உயரமாக இருந்தால் நன்றாகவே தெரியும். அதுவும் ஆறு தந்திகளிலும் ஒரே அளவாக ஏறாது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் ஏறும். ஆகவே, அழுத்தாத நிலையில் மிகத் துல்லியமாகச் சுருதி சேர்த்த கித்தாரும் விரல் வைத்தவுடன் அபசுரமாக ஒலிக்கும். அந்தச் சிறுமியின் காது மிகச் சரியாகத்தான் இருந்தது. அவள் கேட்ட அபசுரம் உண்மையான அபசுரம். வாசிக்கும்போது முகம் சுளித்தாளாம். அதை அலட்சியம் என்று எண்ணியிருக்கிறார்கள்!

இரும்புத் தந்திக் கித்தாருக்குப் பன்னிரண்டாம் மெட்டில் தடித்த தந்தியின்கீழ் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய தந்தியின்கீழ் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். நைலான் தந்தியாயின் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். குறைப்பது எப்படி? பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமெனில் குதிரையிலுள்ள பட்டையை இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பட்டையை வெளியே எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் நேராகத் தேய்க்க வேண்டும். மேற்பக்கத்தைத் தொடக்கூடாது. கொஞ்சம் தேய்ப்பது, தந்தி பூட்டிப் பார்ப்பது, மீண்டும் தேய்ப்பது. அவசரக்காரர்களுக்கு இவ்வேலை ஆகாது. அடிப்பக்கம் கோணலானால் பட்டை குதிரையில் சரியாக உட்காராமல் ஒலியே செத்துவிடும்.

நட்டிலுள்ள வெட்டுகளும் பெரும்பாலான மலிவுக் கித்தார்களில் ஆழம் போதாமல் இருக்கும். தொழிற்சாலையில் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. முதல் மெட்டில் தந்தி உயர்ந்து நிற்பதால்தான் தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் துன்பப்படுகிறார்கள். அவர்கள் வாசிப்பதெல்லாம் முதல் மூன்று மெட்டுகளில்தானே! மெல்லிய அரம் கொண்டு அவ்வெட்டுகளைச் சிறிது ஆழப்படுத்தினால் போதும். ஆனால் கை பழகாதவர் இதில் இறங்க வேண்டாம். ஒரு மயிரிழை அதிகமாக அராவினால் தந்தி முதல் மெட்டில் இடித்து 'நங்நங்' என்று இரையும். பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அரமும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஆறு தந்திகளையும் ஒரு முழுச்சுரம் தாழ்த்திச் சுருதி சேருங்கள். இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிறகு இரண்டாம் மெட்டில் 'கேப்போ' எனப்படும் கவ்வியை மாட்டுங்கள். சுருதி பழைய நிலைக்கே வந்துவிடும். நட்டின் உயரம் கணக்கிலிருந்து நீங்கிவிடும். மெட்டுகளும் நெருக்கமாக இருப்பதால் சிறுவிரல்களுக்கு எட்டும். பத்து நிமிட வேலை. அந்த மாணவிக்கு முதல் வாரம் இதைத்தான் செய்து கொடுத்தேன். பட்டையைத் தேய்த்ததெல்லாம் பிறகுதான்.

தந்தியின் தடிமனையும் கவனிக்க வேண்டும். கடையில் பொதுவாகக் கிடைக்கும் 'லைட்' வகை இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து கித்தாரை எழுபது கிலோகிராமுக்கும் அதிகமான விசையோடு இழுக்கின்றன. அதனினும் மெல்லிய 'எக்ஸ்ட்ரா லைட்' வகை அறுபது கிலோகிராம் அளவில் இழுக்கும். நைலான் தந்திகளோ நாற்பது கிலோகிராம் அளவே. நாற்பது ஆண்டு வயதான மலிவுக் கித்தாருக்கு மெல்லிய தந்தியே நல்லது. ஒலி சற்றுக் குறையும்தான். குறையட்டுமே! வகுப்பறையில் வாசிக்கும் பிள்ளைக்கு அரங்கம் அதிர வேண்டிய தேவையில்லை.

இனி ஒலியைப் பற்றி. இதில்தான் பெரியவர்களோடு எனக்கு அடிக்கடி வாக்குவாதம் வருகிறது.

கித்தாரின் குரல் பெரும்பாலும் அதன் மேற்பலகையிலிருந்து பிறக்கிறது. இதனை மெய்ப்பிக்கவே ஸ்பெயின் நாட்டுக் கித்தார்ச் சிற்பி அந்தோனியோ தெ தோரஸ் 1862ஆம் ஆண்டில் ஒரு விந்தை செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து, பக்கங்களையும் முதுகையும் வெறும் அட்டைத்தாளில் செய்தார். அக்கித்தார் இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுப்பலகையின் பளபளப்பைக் கண்டு கித்தார் வாங்கும் பெற்றோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

மேற்பலகை ஒரே மரத்துண்டிலிருந்து அறுத்த முழுப்பலகையாக இருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல ஒலி மெருகேறும் என்று வாசிப்பவர்கள் பலர் கூறுகிறார்கள். ஆனால், நம் வீடுகளில் கிடக்கும் மலிவுக் கித்தார்களின் மேற்பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகை. மூன்று மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பசையிட்டது. அதனால்தான் நம் ஈரக்காற்றில் வெடிக்காமல் இத்தனை ஆண்டுகள் தப்பித்திருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் அது எளிதில் அதிர்வதும் இல்லை, வயதாக ஆக மாறுவதும் இல்லை. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேற்புறத்து மரக்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து ஓடினால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. "தாத்தா கித்தார், அதனால் தேன்போல் ஒலிக்கிறது" என்று சொல்வது தாத்தாவின் மேலுள்ள பாசம். பாசம் தவறன்று. அதை மரத்தின் குணம் என்று மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அப்படியானால் ஒட்டுப்பலகைக் கித்தாரின் ஒலி மட்டமானதா? அதுவும் இல்லை. யமாஹா நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஃப்ஜி-180, எஃப்ஜி-150 ஆகியவை ஒட்டுப்பலகை மேற்புறம் கொண்டவைதாம். 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவில் கண்ட்ரி ஜோ மெக்டொனால்டு தனியாக மேடையேறிப் பெருங்கூட்டத்தைப் பாடவைத்தபோது அவர் கையில் இருந்தது எஃப்ஜி-150. செந்நிற முத்திரை ஒட்டிய அந்தக் காலத்து யமாஹாக்களை இன்று உலகெங்கும் தேடி வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்பலகையின் உட்புறத்தில் அதைத் தாங்கும் சட்டங்கள் இருக்கும். விலையுயர்ந்த இரும்புத் தந்திக் கித்தார்களில் அவை பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு அமைந்திருக்கும். மலிவானவற்றில் ஏணிப்படிகள்போல் நேராக அடுக்கியிருப்பார்கள். ஒலித்துளை வழியே சிறு கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால் தெரியும். எனக்குக் கிடைத்த மூன்று காப்போக்குகளிலும் ஏணி அமைப்பே இருந்தது. ஏணி அமைப்பில் அடித்தொனி குறைவு, ஒலி நீடிப்பதும் குறைவு. தட்டினால் 'டொக்' என்று பிறந்து சட்டென்று அடங்கும். தனி வாசிப்புக்கு இது குறைதான். ஆனால் பாடலுக்குத் துணையாக வாசிக்கும்போது இதுவே நிறை! பாடுகிறவரின் சொற்களை அது மூழ்கடிப்பதில்லை. ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியே கேட்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி வாசித்த பன்னிரு தந்தி 'ஸ்டெல்லா'வும் விலை மலிந்த ஏணிச்சட்டக் கித்தார் வகையைச் சேர்ந்ததே. தமிழ்ப் பாடலில் சொல்தானே முதன்மை? இருபது பிள்ளைகள் ஒருசேரப் பாடும் வகுப்பறைக்கு இந்த வறண்ட, ஒதுங்கி நிற்கும் குரல் பொருத்தமானது என்பது என் கருத்து.

இனி நம் தட்பவெப்பம். கித்தார் நிறுவனங்கள் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 45 முதல் 55 விழுக்காடு இருக்க வேண்டும் என்கின்றன. ஜொகூரில் எண்பதைத் தாண்டுவது வாடிக்கை. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, மேற்பலகை வயிறு தள்ளுகிறது, குதிரை மேலெழுகிறது, தந்தி உயர்கிறது. பசையின் கதை வேறு. பழைய கித்தார்கள் பலவற்றில் தச்சர்கள் 'வச்சிரம்' என்று சொல்லும் விலங்குப் பசையையே பயன்படுத்தினர். அது நீரிலும் சூட்டிலும் இளகும். நண்பகல் வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் பின்பெட்டியில் கித்தாரை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனால், திரும்பி வரும்போது குதிரை பெயர்ந்து நிற்கலாம். பெற்றோர்களே, இதை மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள்.

2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தைக் கோத்தா திங்கி, சிகாமாட் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் சிகாமாட்டிலும் பத்து பகாட்டிலும் யோங் பெங்கிலும் மீண்டும் நீர் சூழ்ந்தது. வெள்ளம் வடிந்த வீட்டில் பள்ளிச் சான்றிதழ்களைக் காய வைப்பதா, கித்தாரைக் காய வைப்பதா என்று கேட்பீர்கள். சான்றிதழ்களைத்தான் முதலில்! ஆனால் நனைந்த கித்தாரை அன்றே குப்பை லாரியில் ஏற்றிவிடாதீர்கள். தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். உள்ளே புகுந்த சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். நிழலில், காற்றோட்டத்தில், சில வாரங்கள் மெல்ல உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். பசை விட்ட இடங்களை உலர்ந்த பிறகு வெள்ளைத் தச்சுப் பசையிட்டுப் பிடிகட்டைகளால் இறுக்கி ஒருநாள் வைத்தால் பல கித்தார்கள் பிழைத்துக்கொள்ளும். ஒட்டுப்பலகையின் ஏடுகளே பிரிந்து உப்பிவிட்டால் மட்டும் பிழைக்காது.

சீரமைப்பு என்ற பெயரில் நடக்கும் சில கொடுமைகளையும் கண்டிருக்கிறேன். பழைய மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கதவுக்குப் பூசும் வார்னிஷைத் தடவுவது முதலாவது. மேற்பலகையின் மேல் ஏறும் ஒவ்வொரு பூச்சும் அதன் அதிர்வுக்குப் பாரம். அழுக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும், கீறல்கள் இருக்கட்டும். பெயர்ந்த குதிரையைத் திருகாணி போட்டு முடுக்குவது அடுத்தது. நைலான் தந்திக்கென்று செய்த கித்தாரில் இரும்புத் தந்தியைப் பூட்டுவது எல்லாவற்றினும் கொடியது. நாற்பது கிலோகிராம் தாங்கும் குதிரையில் எழுபதை ஏற்றினால் ஒருநாள் இரவில் 'படார்' என்று பிய்த்துக்கொண்டு வரும். தலைப்பாகத்தில் நீள்துளைகளும் அவற்றில் வெண்ணிற உருளைகளும் இருந்தால் அது பெரும்பாலும் நைலான் கித்தார். வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்.

அதே வேளையில், மலிவுக் கித்தாரை அருங்காட்சியகப் பொருள்போல் போற்றவும் வேண்டாம். கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்ட விலையுயர்ந்த கித்தாருக்குக் கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்துவார்கள். அந்தக் கூலியில் இரண்டு மூன்று புதிய மலிவுக் கித்தார்கள் வாங்கிவிடலாம். ஆகவே நம் காப்போக்கில் பட்டையைத் தேய்த்தும் போதவில்லையென்றால், குதிரையின் மரத்தையே சற்றுச் சீவித் தாழ்த்துவதில் எனக்குத் தயக்கமில்லை. கைதேர்ந்த சிற்பிகள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வாசிக்கப்படாமல் முழுமையாக இருப்பதைவிட, சீவப்பட்டு ஒரு பிள்ளையின் மடியில் இருப்பது மேல். கழுத்து முறுக்கேறியிருந்தாலோ, அடிக்கழுத்தில் விரிசல் கண்டிருந்தாலோ, கறையான் புகுந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். இலவு காத்த கிளியாக உட்கார வேண்டாம். சுவரில் மாட்டினால் தாத்தாவின் நினைவாக இருக்கும்.

வீணை வைத்திருக்கும் குடும்பங்களைப் பாருங்கள். வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. காலப்போக்கில் மெழுகு நலிந்து மெட்டுகள் இடம்பெயரும், சுருதி கெடும். அப்போது அதற்கென உள்ள கைவினைஞரிடம் கொடுத்து 'மேளம் கட்டி' வாங்குவார்கள். வீணையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்று யாரும் சொல்வதில்லை. வீணை அபசுரமாக ஒலித்தால் பிள்ளையின் காதை யாரும் குறைகூறுவதும் இல்லை. பேணுதல் என்பது அங்கே வாசிப்பின் ஒரு பகுதி. அதே மரியாதையை விலை குறைந்த கித்தாருக்கும் கொடுத்தால் என்ன? கொடுக்க மாட்டோம். விலை குறைந்த பொருளுக்குப் பராமரிப்பு தேவையில்லை என்று எண்ணுகிறோம். அப்பொருளோடு பழகும் பிள்ளைக்கும் அதே கதிதான் நேர்கிறது.

"ஐயா, இருநூறு வெள்ளிக்குள் புதிய கித்தார் இணையக் கடையில் கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வாங்கிய புதிய கித்தாரையும் அளந்து காட்டினேன்: நான்கு மில்லிமீட்டர்! புதிதாக வந்தாலும் அதற்கும் இதே தேய்ப்பு வேலை தேவைப்படுகிறது. உயரம் சரிசெய்யாத புதிய கித்தாரைவிடச் சரிசெய்த பழைய கித்தார் குழந்தைக்கு நல்லது. சரிசெய்த புதியதும் நல்லதே. பணம் இருப்பவர்கள் புதிதாகவே வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள், தந்தை சிங்கப்பூருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறார் என்னும் குடும்பத்திடம் போய், "முதலில் நல்ல கித்தார் வாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு செட் தந்தி இருபது முப்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். குதிரைக்குப் புதிய பட்டை வேண்டுமாயின் இன்னும் கொஞ்சம். (எலும்புப் பட்டை என்றால் பெரும்பாலும் மாட்டெலும்பு. வீட்டில் அது ஒவ்வாது என்பவர்கள் கெட்டியான செயற்கைப் பட்டை வாங்கலாம். ஒலியில் பெரிய வேறுபாடு தெரியாது.)

"கித்தார் தூக்கினால் பையன் கெட்டுப்போவான், மூலை மூலையாக உட்கார்ந்து பொழுதைக் கழிப்பான்" என்ற அச்சம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும், "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்ற கேள்வி மட்டும் நீங்கவில்லை. இந்நாட்டு மலாய்ப் பாப்பிசையில் நீங்கா இடம்பெற்ற 'அல்லிகேட்ஸ்' குழுவை நடத்தியவர்கள் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் 2007இல் மறைந்த லோகநாதனும் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு கித்தார்க் கலைஞராகப் பணியாற்றியவர். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலில் சந்திரசேகர் வாசித்த கித்தாரைக் கேட்டுவிட்டு, "சார், அதை எப்படி வாசிப்பது?" என்று இன்றைய ஆறாம் ஆண்டு மாணவனும் வந்து நிற்கிறான். அவனுடைய பெற்றோரே பிறவாத காலத்துப் பாடலாகக்கூட இருக்கலாம்! கேட்டு வருபவனிடம் ஐந்து மில்லிமீட்டர் கித்தாரைக் கொடுத்தால், இரண்டே வாரத்தில் அவன் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவான்.

பள்ளியில் இசைக் கல்விக்கு ரெக்கார்டர் குழல் இருக்கிறது. அது போதாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. குழலை ஊதிக்கொண்டே பாட முடியாதே! தமிழ்ப்பள்ளியில் பாட்டு என்பது இசைப்பாடத்தோடு முடிவதில்லை. மொழிப்பாடத்தில் செய்யுளை இசையோடு ஒப்புவிக்கிறோம். நன்னெறியிலும் பாட்டு வருகிறது. ஓர் ஆசிரியர் மூன்று பிடிகள் மட்டும் அறிந்து மெல்ல மீட்டினாலே வகுப்பின் சுருதி ஓரிடத்தில் நிற்கும். முன்வரிசை ஒரு சுருதி, பின்வரிசை வேறொரு சுருதி என்ற நிலை மாறும்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். புதிய கருவிகளுக்கு நன்கொடை திரட்டும் முன், பெற்றோர்களின் வீடுகளில் சும்மா கிடக்கும் கித்தார்களைக் கேட்டு வாங்குங்கள். வருகிற அனைத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கழுத்தை ஒரு கண்ணால் நேர்கோட்டில் பாருங்கள், குதிரையின் பின்விளிம்பில் தாள் நுழைகிறதா என்று பாருங்கள், பன்னிரண்டாம் மெட்டை அளந்து எழுதுங்கள். பத்து வந்தால் ஆறாவது தேறலாம். 2025 சனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் அண்டை மாநிலங்களில் வாழும் உறவினர்களும் வந்து கலந்துகொள்ள இயலும். தச்சுவேலை தெரிந்த பெற்றோர் ஒருவர் இருந்தால் பிடிகட்டைக்குக் கவலை இல்லை. மாணவர்களும் உடனிருக்கட்டும், இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தால் ஒரு மில்லிமீட்டர் இறங்கும் என்பதை அவர்கள் கணிதப் பாடத்தில் படித்ததைவிட அங்கே நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

உப்புத்தாளும் அளவுகோலும் சிறு கண்ணாடியும் என்னிடம் உள்ளன. தந்திக்கும் பட்டைக்கும் மட்டும் சங்கம் ஏதேனும் ஒதுக்கினால் வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.